சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

காலபோக மழை விழுந்து நிலம் பதமாக நிற்கும் வேளையில் உழவு இயந்திரம் முற்றத்தில் அசையாமல் நின்றால் ஒரு வீட்டின் நிலை என்ன என்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. இடம்பெயர்ந்து, பற்றைக்காடு வெட்டி, கடன்பட்டு மீண்டும் கமத்தில் இறங்கியவர்களுக்கு மூன்று நாள் தாமதம் ஒரு போகத்தையே தின்றுவிடக் கூடியது.

சில காலத்துக்கு முன் வன்னியில் ஒரு குடியேற்றக் கிராமத்தில் இதை நேரில் கண்டேன். கணவனை இழந்த ஒரு தாய், பழைய மசி பேர்குசன் 135 ஒன்றை வைத்து உழுது பிழைப்பவர். திறப்பைத் திருப்பினால் ஸ்ராட்டர் நன்றாகச் சுற்றுகிறது. எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. “டீசல் பம்ப் போய்விட்டது” என்றார் பக்கத்து வளவுக்காரர். “நொசில்களும் மாற்ற வேண்டும்” என்றார் இன்னொருவர். காதில் கிடந்த தோட்டை அடைவு வைக்க அந்தத் தாய் புறப்பட்டுவிட்டார். அந்த நேரம் சைக்கிளில் வந்து இறங்கினார் ஒரு முதிய மெக்கானிக். அவரும் வலிகாமத்தில் இருந்து இடம்பெயர்ந்தவர்தான்.

“தங்கச்சி, ஸ்ராட்டர் அடிக்கேக்க சைலன்சராலை புகை வந்ததோ?”

“புகையே இல்லை அண்ணை.”

“அப்ப டீசல் உள்ளுக்குப் போகேல்லை. நேற்று தாங்கி வத்தினதோ?”

“ஓம், வயலுக்கை வத்தி நிண்டது. பிறகுதான் ஊத்தினனாங்கள்.”

அரை மணி நேரத்தில், இரண்டு ஸ்பனரோடு, இயந்திரம் ஓடியது. குழாய்க்குள் காற்றுப் புகுந்திருந்தது, அவ்வளவுதான். தோடு காதிலேயே இருந்தது.

எமது கிராமங்களில் இன்று பணம் வீணாகும் வழிகளில் ஒன்று, கோளாறு எது என்று அறியுமுன் பாகம் வாங்குவது. பற்றரி மாற்றுகிறோம், பம்ப் மாற்றுகிறோம். கடைசியில் அடைபட்ட ஒரு பில்ரரோ, இழுபட்டு நின்ற ஒரு கம்பியோ காரணமாக இருக்கிறது. இதை அறிவில்லாதவர்களின் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். அறிவு எம்மிடம் இருந்தது.

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபின், பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வடக்குக்கு வருவது பல ஆண்டுகள் தடைப்பட்டிருந்தது. அப்போது நான் பள்ளிச் சிறுவன். யாழ்ப்பாணத்துத் தெருக்களில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது என்பதால், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பெற்றோல் எப்போது தேவை, சூடு எப்போது போதும் என்பதைச் சாதாரண மனிதரும் விளங்கி வைத்திருந்தனர். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே வெளிக்கிட்டபோது, வாகனம் பிடிக்குமா பிடிக்காதா என்பது ஒரு குடும்பத்தின் நெல்மூட்டையையும் நடக்க முடியாத முதியவரையும் பொறுத்த கேள்வியாயிற்று.

அந்த நாட்கள் திரும்ப வேண்டாம். ஆனால் பாகம் கிடையாத காலத்தில் “ஏன் பிடிக்கவில்லை?” என்று கேட்ட நாம், கடை திறந்ததும் “எதை மாற்றுவது?” என்று கேட்கப் பழகிவிட்டோம். முதற் கேள்வியை மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே எனது கருத்து.

அது கடினமான கல்வி அல்ல. டீசல் எஞ்சினுக்குப் பிளக் இல்லை. சிலிண்டருக்குள் காற்று ஏறத்தாழ 17 மடங்கு நெருக்கப்பட்டுச் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசல் தூவப்பட்டதும் எரிகிறது. ஆகவே தேவையானவை மூன்று: தாராளமான காற்று, வேகமான சுற்று, காற்றுக் கலவாத டீசல்.

முதலில் சுற்றைக் கவனியுங்கள். சோம்பலாகச் சுற்றினால் காற்றுச் சூடேறாது. பற்றரியையும் அதன் முனைகளையும் பாருங்கள். வேகமாகச் சுற்றினால் புகையைப் பாருங்கள். வெண்புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியத்தான் இல்லை. சூடு குறைவு அல்லது நெருக்கம் குறைவு. புகையே இல்லையெனில் டீசல் போகவில்லை, அல்லது சைலன்சர் வாய் அடைபட்டிருக்கிறது. நெடுநாள் நின்ற இயந்திரத்தின் சைலன்சரிலும் எயார் கிளீனரிலும் குளவிக்கூடு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

டீசல் போகவில்லை என்றால் வரிசையாகப் போங்கள். எஞ்சினை நிறுத்தும் கம்பி இழுபட்டபடியே நிற்கிறதா? தாங்கியில் டீசல் உண்டா? தாங்கியின் பைப் திறந்திருக்கிறதா? மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டுள்ளதா? பில்ரரில் தண்ணீரோ சேறோ நிற்கிறதா? 2022இல் நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது எம்மில் பலர் டீசலைக் கான்களிலும் பரல்களிலும் சேர்த்து வைத்தோம். அப்படி வைத்த டீசலின் அடியில் தண்ணீர் தங்கும். அதை வடிக்காமல் ஊற்றக் கூடாது.

இவை எல்லாம் சரியானால் எயார் எடுக்க வேண்டும். பம்ப் டீசலை அழுத்தும்போது, குழாயில் காற்று இருந்தால் அது பஞ்சுபோல அமுங்கும். நொசிலைத் திறக்க வேண்டிய அழுத்தம் வராது. இயந்திரத்தை நியூட்டலில் விட்டு, கைப் பிரேக் போடுங்கள். பில்ரரிலுள்ள எயார் ஆணியைத் தளர்த்தி, பீட் பம்பின் கைப்பிடியை அடியுங்கள். நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் இறுக்குங்கள். கைப்பிடியில் இழுவை இல்லாவிட்டால் எஞ்சினைச் சற்றுச் சுற்றிவிட்டு மீண்டும் அடியுங்கள். பிறகு டீசல் பம்பிலுள்ள எயார் ஆணிகளிலும் இவ்வாறே செய்யுங்கள். கடைசியாக நொசில் குழாய்களின் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, அக்சிலேற்றரை முழுதாக வைத்துச் சுற்றி, டீசல் கசிந்ததும் இறுக்குங்கள். அவ்வேளை கையை அருகில் வைக்காதீர்கள். நொசிலுக்கு வரும் அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் போகும். ஸ்ராட்டரைப் பத்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் அடிக்காமல் இடையில் ஆறவிடுங்கள்.

பெற்றோல் வாகனத்துக்கும் இதே ஒழுங்குதான். கேள்விகள் இரண்டு: நெருப்பு வருகிறதா, பெற்றோல் வருகிறதா? நன்றாகச் சுற்றியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, நெருப்பைத் தேடுங்கள். பழைய வாகனத்தில் பொயின்ற் கரியாகியிருக்கலாம். பிளக் காய்ந்திருந்தால் பெற்றோல் வழியைத் தேடுங்கள்.

“கராஜ் இருக்கும்போது எங்களுக்கு இது எதற்கு?” என்று கேட்பீர்கள். கராஜ் வேண்டும். பம்பின் உட்பகுதியையும் நொசில்களையும் வீட்டில் திறக்கக் கூடாது. அவற்றைச் சோதிக்கும் கருவியுள்ள இடத்துக்கே கொடுக்க வேண்டும். ஆனால் “மெசின் ஸ்ராட் வருகுதில்லை” என்று மட்டும் சொல்லிப் போகிறவருக்கும், “புகை இல்லை, பில்ரரில் சுத்தமான டீசல் நிற்கிறது, எயார் எடுத்தாயிற்று” என்று சொல்லிப் போகிறவருக்கும் கிடைக்கும் பில் ஒன்றாக இராது. நேர்மையான மெக்கானிக்குக்கு உங்கள் பேச்சு உதவி. நேர்மையற்றவருக்கு அது கடிவாளம்.

எனவே இரண்டு யோசனைகளை உங்கள் முன் வைக்கிறேன். ஒன்று, ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் காலபோகத்துக்கு முன் ஒரு நாளை ஒதுக்கட்டும். ஊரிலுள்ள மூத்த மெக்கானிக் ஒருவரை அழைத்து, ஓடும் ஓர் இயந்திரத்தில் எயார் எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பெண்களும் அந்த வட்டத்தில் முன்னுக்கு நிற்க வேண்டும். பல வீடுகளில் திறப்பு இப்போது அவர்கள் கையில்தான். அந்த முதியவர்கள் எம்முடன் நெடுங்காலம் இருக்கப் போவதில்லை. இரண்டு, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு கொப்பி இருக்கட்டும். எப்போது பில்ரர் மாற்றினோம், எப்போது நின்றது, காரணம் என்ன என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை நிற்கும்போது அந்தக் கொப்பிதான் முதல் மெக்கானிக்.

காணியும் வீடும் ஆடுமாடும் விட்டு வெளிக்கிட்டவர்கள் நாம். கற்ற தொழிலை மட்டும் எவரும் எம்மிடமிருந்து பறிக்கவில்லை. அதை நாமே கைநழுவ விடலாமா? அடுத்த முறை இயந்திரம் சுற்றியும் பிடிக்காமல் நின்றால், பணப்பையைத் திறக்குமுன் சைலன்சரைப் பாருங்கள்.