வாடகை பாக்கியும் வாய்ச்சண்டையும்



தோட்டத்து லயத்தில் இருந்தவரை கூலி குறைவு, கூரை ஒழுகும். ஆனால் மாதம் பிறந்தால் கதவைத் தட்டி வாடகை கேட்க எவரும் வந்ததில்லை. ரப்பர்த் தோட்டங்கள் விலைபோய், செம்பனையாகவும் வீடமைப்பு நிலமாகவும் மாறின. பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு வாடகை என்பது புதுச் செலவு. அதற்கென்று பணம் எடுத்து வைக்கும் பழக்கம் நம் பாட்டன் காலத்திலிருந்தே கிடையாது. பாக்கி பெருகுவதற்கு இது முதற் காரணம்.

இரண்டாவது, சம்பளம். குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் 1,700 வெள்ளியாயிற்று. சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போனபின் மிஞ்சுவதில் பிள்ளைகுட்டிகளோடு பட்டணத்தில் வாழ்வது எளிதா? இதற்குச் சங்கம் குரல் கொடுத்தே ஆகவேண்டும்.

மூன்றாவது காரணத்தை நாம் வெளியில் பேசுவதில்லை. தம்பதிகளில் ஒருவர் கை ஓட்டைக் கை! ஒரு வீட்டில் கணவர் நாலு நம்பர் கடையிலும் போத்தலிலும் விடுகிறார். இன்னொரு வீட்டில் மனைவி தவணைக்குச் சாமான் எடுத்துக் குவிக்கிறார். மற்றவர் என்ன செய்கிறார்? முதலில் மூடி மறைக்கிறார். பிறகு ஆலோங்கிடம் கைநீட்டுகிறார். கடைசியில் சண்டை பிடிக்கிறார். சண்டையால் ஒரு காசு வாடகையாவது கட்டப்பட்டதுண்டா?

பழக்கம் திருந்த வருடக்கணக்காகும். வாடகை அதுவரை காத்திராது. ஆகவே, ஆளைத் திருத்துவதற்கு முன் பணம் போகும் வழியைத் திருத்துங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி மாதச் சம்பளம் மறுமாதம் ஏழாம் தேதிக்குள் வந்தாக வேண்டும். எட்டாம் தேதியை வாடகை நாளாக வையுங்கள். இருவர் சம்பளச் சீட்டும் ஒரே இடத்தில் இருக்கட்டும். கை கெட்டியானவர் வாடகையைக் கட்டி, ரசீதை இருவர் கண்ணிலும் படும்படி மாட்டட்டும். செலவாளிக்கும் ஒரு சிறு தொகையைக் கணக்குக் கேட்காமல் கொடுத்துவிடுங்கள். கையை முற்றாகக் கட்டிப்போட்டால் அவர் கடன் வாங்கத்தான் ஓடுவார்.

பாக்கி ஏற்கனவே விழுந்துவிட்டதா? வீட்டுக்காரரைக் கண்டு ஒளியாதீர்கள். கோலாலம்பூர் பி.பி.ஆர். அடுக்குமாடியின் 124 வெள்ளி வாடகையில் மூன்று மாத பாக்கி 372 வெள்ளி. மாத வாடகையோடு 62 வெள்ளி சேர்த்துக் கட்டினால் ஆறே மாதத்தில் தீரும். இதை எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். ஒளிந்தால் வருவது என்ன? 1951ஆம் ஆண்டின் டிஸ்ட்ரெஸ் சட்டப்படி, 12 மாதம் வரையுள்ள பாக்கிக்கு வீட்டுக்காரர் நீதிமன்ற ஆணை பெற்று வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்து விற்கலாம்.

கடன் வாங்கித்தான் தீரவேண்டுமென்றால், உரிமம் பெற்றவர் அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. 500 வெள்ளிக்கு 90 வெள்ளி. ஆலோங்குக்கு எந்தச் சட்டமும் இல்லை. 2024 மே மாதம் வந்த சேமநிதி மூன்றாம் கணக்கில் பணம் இருந்தால் ஒருமுறை பாக்கியைத் தீர்க்க உதவும். ஆனால் ஓட்டையை அடைக்காமல் அதை எடுப்பது முதுமைக்குரிய சோற்றை இன்றே தின்பதாகும். கடன் பல இடத்தில் சிக்கியிருந்தால், பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. நிறுவனம் இலவசமாக ஆலோசனை தருகிறது. தம்பதியாகவே போங்கள்.

செக்ரோலில் ஒரு நாள் பேர் விடுபட்டால் ஆப்பீஸ் வாசலில் வந்து நின்று கிராணியைக் கேட்கிறோம். அது நியாயம். அதே கண்டிப்பு வீட்டுக் கணக்கிலும் வேண்டாமா? வியர்வை சிந்தி வாங்கிய சம்பளம் பிள்ளைகள் தலைக்கு மேல் ஒரு கூரையாக நிற்க வேண்டும். வருகிற எட்டாம் தேதியே தொடங்குங்கள், தோழர்களே!