கைப்பலகையில் வரும் வைத்தியர்

'டேப்லட்' என்றதும் நம் பாட்டிமாருக்கு நினைவு வருவது மாத்திரைதான். இன்றோ அதே பெயர் கொண்ட பலகை ஒன்று வைத்தியரையே வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறது! 2000ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலத்து ஆரகொண்டா என்னும் சிற்றூரில் தொலைமருத்துவம் தொடங்கியபோது அது பெரும் புதுமை. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின் நடுவே, மத்திய அரசின் 'இ-சஞ்சீவனி' புறநோயாளர் சேவை வந்தபின் அது நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது. கட்டணம் இல்லை. பேருந்துக்குக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. சர்க்கரை வியாதிக்கு மருந்துச் சீட்டு வாங்க ஒருநாள் கூலியை இழக்கவும் வேண்டாம். இந்த நன்மைகளை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால், தோழியரே, அந்தப் பலகையைப் பிடித்திருப்பது யார் என்று எண்ணிப் பார்த்தீர்களா? பெரும்பாலும் மகன், அல்லது பேரன்; சில வீடுகளில் நம்மைப் போன்ற பள்ளி மாணவி. வைத்தியரின் குரல் கூடம் முழுவதும் கேட்கிறது. "வேறு ஏதாவது தொந்தரவு உண்டா, அம்மா?" என்கிறார். "ஒன்றுமில்லை ஐயா" என்று பாட்டி முடித்துவிடுகிறார். கருப்பை இறக்கத்தையும், மார்பில் தட்டுப்படும் கட்டியையும் மகன் முன்னிலையில் எந்தத் தாய் வாய்விட்டுச் சொல்வாள்? பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய பெண், கூட்டத்தில் பின்னால் வந்து யாரும் அறியாமல் இயேசுவின் ஆடையைத் தொட்டதாக நற்செய்தியில் வாசிக்கிறோம். அவளும் ஊரறியச் சொல்லக் கூசியவள்தானே!

தூரம் மட்டுமே பெண்களின் உயிரைக் குடிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று ஆடவர் பிரசவ வேதனையில் இருந்த தம் மனைவியருக்கு உதவி கேட்டு ஒரு வீட்டுக்கு வந்தனர். வைத்தியர் ஜான் ஸ்கடர் அந்த வீட்டிலேயே இருந்தார். ஆண் வைத்தியர் கூடாதென்று அவர்கள் திரும்பிப் போக, மூன்று பெண்களும் இறந்தனர். அவ்வீட்டு மகள் ஐடா பின்னர் மருத்துவம் கற்றுத் திரும்பி, 1918இல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். அன்று வைத்தியர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். பலகை கடக்கும் தூரம் அங்கே இல்லவே இல்லை.

அதே இ-சஞ்சீவனியில் இன்னொரு முறையும் உண்டு. துணை சுகாதார நிலையத்து ஊழியர் நோயாளியின் பக்கத்தில் இருந்துகொண்டு வைத்தியருடன் இணைத்துப் பேச வைப்பார். வீட்டிலிருந்து பேசுவதைவிட இதையே நான் உயர்வாகக் கருதுகிறேன். கதவைச் சாத்திவிட்டுப் பெண்ணிடம் பெண் மனந்திறந்து பேசலாம். இரத்தக் கொதிப்பும் பார்த்துக்கொள்ளலாம். அங்கே பலகை துணைக்கருவி மட்டுமே. நோயாளியைத் தொட்டுப் பார்க்க ஒரு கை இருக்கிறது.

2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ விதிகளின்படி, வயது நிரம்பாத நாம் வைத்தியரிடம் பேசும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். நல்ல விதிதான். பெரியவர்கள் பேசும்போது நாம் வெளியே போகும் பழக்கமும் வீடுகளில் வர வேண்டாமா? பலகையைப் பாட்டியிடமே கொடுப்போம். எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று முந்தின நாளே இரண்டு முறை பழக்குவோம். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, "திண்ணையில் இருக்கிறேன் பாட்டி, முடிந்ததும் கூப்பிடுங்கள்" என்று எழுந்து போவோம். இணைப்பு அறுந்தால் அவர்களே கூப்பிடுவார்கள்.