எதற்குக் காப்புறுதி, எதற்குச் சேமிப்பு?

நீரிறைக்கும் இயந்திரத்துக்கு விலை பேசி முடிந்ததும் கடைக்காரர் இன்னொரு தாளை நீட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் உத்தரவாதம் மேலும் இரண்டு வருடம் நீளும் என்கிறார். லீசிங்கில் லான்ட்மாஸ்ரர் எடுத்தால் காப்புறுதித் தாளும் கூடவே வருகிறது. உழைத்துச் சேர்த்த அனைத்தையும் விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் நாம். "பாதுகாப்பு" என்ற சொல்லுக்கு எமது மனம் இலகுவில் இணங்கிவிடும். ஆகவே கையொப்பம் வைக்கமுன்னர் ஒரு கேள்வியைக் கேட்கப் பழகுவோம்: இந்த இழப்பு வந்தால் எமது குடும்பம் தானாக எழும்புமா, எழும்பாதா?

காப்புறுதி எமக்குப் புதிதல்ல. கிராமங்களில் நாம் நடத்தும் மரண உதவிச் சங்கமும் ஒரு காப்புறுதிதான். எல்லோரும் மாதாமாதம் சிறுதொகை கொடுக்கிறோம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டால் தனியே தாங்கமுடியாத செலவைச் சங்கம் தாங்குகிறது. மண்வெட்டிப் பிடி உடைந்ததற்கு எவரும் சங்கத்திடம் போவதில்லை. பெரிய இழப்பைப் பலர் சேர்ந்து சுமப்பதும், சிறிய இழப்பை அவரவர் பார்த்துக்கொள்வதும்தான் நியாயமான முறை.

நீடித்த உத்தரவாதத்தை இந்த முறையில் நிறுத்துப் பார்ப்போம். இயந்திரத்தின் விலை 60,000 ரூபா, மேலதிக உத்தரவாதத்துக்கு 6,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலையில் நேர்ந்த குறைகள் பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே தெரிந்துவிடும். அதற்கு விலையோடு வரும் சாதாரண உத்தரவாதமே போதும். பிந்தி வருவது தேய்மானம். சீல், ரிங், பிளக் போன்ற தேயும் பாகங்களைப் பெரும்பாலான உத்தரவாதங்கள் ஏற்பதில்லை. ஊர் மெக்கானிக் ஒருவர் இயந்திரத்தைக் கழற்றினாலே உத்தரவாதம் செல்லாது என்றும் சிறிய எழுத்தில் இருக்கும். மிளகாய்க் கன்று வாடிக்கொண்டிருக்க, பட்டணத்திலிருந்து ஆள் வரும்வரை எந்தக் கமக்காரர் காத்திருப்பார்? 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயிலேயே இயந்திரங்களை ஓடவைத்த கைகள் எம்மிடையே உண்டு. எனவே இந்த 6,000 ரூபா பெரும்பாலும் வீண்செலவு என்பதே எமது கருத்து.

ஆனால் விலையோடு வரும் உத்தரவாதத்தைக் கைவிடக்கூடாது. பற்றுச்சீட்டையும், திகதியிட்டு முத்திரை குத்திய அட்டையையும் கேட்டு வாங்கி, அடையாள அட்டையோடு சேர்த்துப் பொலித்தீன் உறையில் வைப்போம். கொடுத்த உத்தரவாதத்தைக் கடைக்காரர் மதிக்காவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

வெள்ளமோ வரட்சியோ ஒரு போகத்தையே கொண்டுபோவது வேறு விடயம். அது அடுத்த போகத்து விதைநெல்லையும் அடைவு வைத்த நகையையும் சேர்த்தே கொண்டுபோகும். இத்தகைய இழப்புக்கே காப்புறுதி தேவை. 2024 நவம்பர் வெள்ளத்தின் பின்னர், முற்றாக அழிந்த நெல்லுக்கு ஏக்கருக்கு ஆகக்கூடியது 40,000 ரூபா நட்டஈடு என அரசாங்கம் அறிவித்தது. அது செலவு முழுவதையும் ஈடுசெய்யாது. ஆயினும் வட்டிக்காரரிடம் போகும் தொகையைக் குறைக்கும். மேலதிகமாகக் கட்டுப்பணம் செலுத்திப் பயிரைக் காப்புறுதி செய்ய கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை இருக்கிறது. வீதியில் ஓடும் வாகனத்துக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். அதில் சிக்கனம் பார்க்கமுடியாது.

இடம்பெயர்ந்தோர் மேலும் இரண்டு விடயங்களில் கவனமாக இருக்கவேண்டும். முதலாவது, பிறர் காணியைக் குத்தகைக்குச் செய்பவர்கள் விதைக்க முன்னரே கமநல சேவை நிலையத்துக்குச் சென்று, பயிரிடுபவர் என்ற பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கவேண்டும். வெள்ளம் வந்தபின் அலைந்து பயனில்லை. இரண்டாவது, யுத்தத்தால் வரும் இழப்பைச் சாதாரண காப்புறுதிப் பத்திரங்கள் ஏற்பதில்லை. கலவரம், பயங்கரவாதம் என்பவற்றுக்குத் தனியாகக் கட்டவேண்டும். முகவர் வாயால் சொல்வதை நம்பாமல், எவை விலக்கப்பட்டுள்ளன என்ற பகுதியைப் படிக்கத் தெரிந்த பிள்ளையைக்கொண்டாவது வாசிப்பித்துக் கேட்போம்.

மிச்சம்பிடித்த 6,000 ரூபாவை என்ன செய்வது? கைச்செலவில் கரையவிட்டால் உத்தரவாதமும் இல்லை, பணமும் இல்லை. பத்துக் குடும்பங்கள் அதனைச் சங்கத்தில் திருத்தவேலை நிதியாகப் போட்டால் 60,000 ரூபா சேரும்; அது ஒரு புது இயந்திரத்தின் விலை. எவருடைய இயந்திரம் பழுதானாலும் அதிலிருந்து எடுத்துத் திருத்தி, அறுவடையின்பின் திருப்பி வைக்கலாம். எவருடையதும் பழுதாகாவிட்டால் பணம் எம்மிடமே இருக்கும். கணக்கை எல்லோரும் பார்க்கக்கூடியதாக எழுதி வைத்தால் போதும். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுவோம்.