பெயரற்ற கோப்புகளும் நம் பொறுப்பும்

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். கணினிக் கோப்புகளுக்கும் இது பொருந்தும் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கோப்பின் பெயரைப் பார்க்கிறோம், சின்னத்தைப் பார்க்கிறோம், இரண்டு முறை சொடுக்குகிறோம். திறந்தால் நல்லது. திறக்காவிட்டால் 'கெட்டுப்போன கோப்பு' என்று முத்திரை குத்திக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பிவிடுகிறோம். திறக்காத கோப்பெல்லாம் கெட்ட கோப்பு அல்ல. அதிலும் தமிழ்க் கோப்பு என்றால், அதை அடையாளம் காணும் பொறுப்பு கணினித் துறையினரைவிட நமக்கே அதிகம் என்பது என் கருத்து.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் கழக அறையின் அலமாரியில் ஒரு பெட்டி நிறைய நெகிழ்வட்டுகளும் குறுவட்டுகளும் இருக்கின்றன. 1990களின் இறுதியிலிருந்து 2000களின் நடுப்பகுதிவரை வெளிவந்த ஆண்டு மலர்களின் மூலக் கோப்புகள் அவை. பலவற்றுக்கு 'மலர்1', 'மலர்2' என்ற பெயர் மட்டுமே உண்டு, பின்னொட்டு இல்லை. யாராலும் திறக்க முடியாதவற்றை ஏன் வைத்திருக்க வேண்டும், வீசிவிடலாமே என்ற யோசனை செயற்குழுவில் எழுந்தது. அந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் கோப்பு என்றால் என்ன என்று பார்ப்போம். படமோ பாட்டோ கவிதையோ, கணினிக்கு எல்லாமே எண்களின் வரிசைதான். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை உள்ள ஒன்று. அதனை பைட் என்கிறோம். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற ஓர் அட்டவணையைக் கொண்டு நேராகப் படிக்கக்கூடியது எழுத்துக் கோப்பு. அப்படிப் படிக்க முடியாமல், தனக்குரிய மென்பொருளை வேண்டி நிற்பது இருமக் கோப்பு. நோட்பேடில் ஒரு படத்தைத் திறந்தால் கிறுக்கல்கள் தெரிவது இதனால்தான். கோப்பில் குறை ஒன்றும் இல்லை. நாம் கையில் எடுத்த அட்டவணைதான் பொருந்தவில்லை.

பெரும்பாலான இருமக் கோப்புகள் தம் முதல் சில பைட்டுகளிலேயே தாம் யார் என்று சொல்லிவிடுகின்றன. ஜேபெக் படம் 255, 216, 255 என்று தொடங்கும். பிஎன்ஜி படம் 137 என்று தொடங்கி, அடுத்த மூன்று பைட்டுகளில் தன் பெயரையே எழுதிக்கொள்ளும். பிடிஎஃப் கோப்பின் தொடக்கத்தில் விழுக்காட்டுக் குறியும் அதன் பெயரும் இருக்கும். ஜிப் கோப்பின் முதல் இரண்டு எழுத்துகள் பி, கே. அதனை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயர் முதலெழுத்துகள் அவை. விண்டோஸ் நிரல்கள் எம், இசட் என்று தொடங்குவதும் அப்படித்தான். அது மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் கையொப்பம். இந்தத் தொடக்கக் குறிகளைப் பார்த்து வகை சொல்லும் 'ஃபைல்' என்ற கட்டளை 1973-ஆம் ஆண்டிலேயே யூனிக்ஸில் இருந்தது. இன்று பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் 'ப்ரோனோம்' என்ற கோப்பு வகைப் பட்டியலையும், அதைக் கொண்டு கோப்புகளைச் சோதிக்கும் 'டிராய்ட்' என்ற மென்பொருளையும் இலவசமாகவே வழங்குகிறது.

இவற்றோடு ஒப்பிட்டால் கோப்பின் பெயர் வெறும் சட்டைதான். யாரும் எந்தச் சட்டையையும் போட்டுக்கொள்ளலாம். 2000-ஆம் ஆண்டு மே மாதம் உலகையே ஆட்டிப் படைத்த 'ஐ லவ் யூ' நச்சுநிரலை நினைத்துப் பாருங்கள். அது காதல் கடிதம் என்ற பெயரில், எழுத்துக் கோப்பின் பின்னொட்டோடு வந்தது. அதற்குப் பின்னால் இருந்த உண்மையான பின்னொட்டை விண்டோஸ் மறைத்துவிட்டது. பெயரை நம்பிச் சொடுக்கியவர்கள் கோப்புகளை இழந்தார்கள்.

அப்படியானால் முதல் பைட்டுகளைப் பார்த்தால் போதுமா? போதாது. பழைய வேர்டு கோப்பு 208, 207, 17, 224 என்று தொடங்கும். அக்காலத்து எக்செல் கோப்பும் பவர்பாயிண்ட் கோப்பும் அப்படியே தொடங்கும். 2007-க்குப் பிந்திய வேர்டு கோப்போ உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். ஆக, தொடக்கக் குறி குடும்பப் பெயரைத்தான் சொல்லும். ஆளைச் சொல்லாது. ஆளை அறிய உள்ளே போக வேண்டும்.

உள்ளே போனால்தான் தமிழருக்கே உரிய சிக்கல் தொடங்குகிறது. ஒருங்குறி பரவுவதற்குமுன் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென ஓர் எழுத்து அட்டவணையை வைத்திருந்தது. இந்த வட்டாரம் அன்று பின்தங்கியிருக்கவில்லை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியனைத் தந்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசைத் தந்தார். 1997-இல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி டாப், டாம் என்ற தரங்களைத் தமிழக அரசு அறிவித்தது. இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் திஸ்கி என்ற தரத்தை உருவாக்கினார்கள். ஒற்றுமைக்கான முயற்சிகளே பல ஆகிவிட்டன!

இதன் விளைவைத் 'தமிழ்' என்ற ஒரே சொல்லில் காட்டலாம். திஸ்கியில் அது 190, 193, 162, 250 என்ற நான்கு பைட்டுகள். இன்று நாம் பயன்படுத்தும் யூடிஎஃப்-8 முறை ஒருங்குறியில் 15 பைட்டுகள். ஒவ்வோர் எழுத்துக் குறிக்கும் மூன்று பைட்டுகள். அவை 224, 174 என்றோ 224, 175 என்றோ தொடங்கும். இந்த முத்திரையைக் கண்டால் ஒருங்குறித் தமிழ் என்று துணிந்து சொல்லலாம். திஸ்கிக்கு அப்படி ஒரு முத்திரை இல்லை. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த நான்கு பைட்டுகளும் முக்கால் என்ற பின்னமாகவும், தலையில் கோடிட்ட ஆங்கில எழுத்தாகவும், சென்ட் நாணயக் குறியாகவும் காட்சி தரும். படக் கோப்பு தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. நம் பழைய தமிழ் எழுத்துக் கோப்போ வாய் திறப்பதில்லை.

வாய் திறக்காத கோப்பை யார் அடையாளம் காண்பது? தமிழ் தெரிந்தவரே. நம் மலரில் எது எங்கே இருக்கும் என்று நமக்குத் தெரியும். முதல் பக்கங்களில் வாழ்த்துரை இருக்கும்; தலைவர் உரை இருக்கும்; 'தமிழ்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். 190, 193, 162, 250 என்ற வரிசை அடிக்கடி தென்பட்டால் கோப்பு திஸ்கி என்று அறியலாம். வராவிட்டால் அடிக்கடி வரும் வேறு வரிசை எதுவென்று தேடலாம். கெ, கே போன்ற எழுத்துகளில் கொம்பு முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்பதும் ஒரு தடயம். திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பு முன்னே வரும். ஒருங்குறியில் மெய்க்குப் பின்னேதான் வரும். மாற்றி எடுத்த பிறகு வந்திருப்பது கவிதையா, குப்பையா என்று சொல்லவும் தமிழ் படிக்கும் கண்தான் வேண்டும். இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் உதவலாம். ஆனால், விடுபட்ட இடத்தில் அழகான தமிழை அவையே இட்டு நிரப்பிவிட்டால், அது நம் மூத்த மாணவர் எழுதியதல்ல என்று யார் கண்டுபிடிப்பது?

'அச்சுப் பிரதிதான் இருக்கிறதே, அதைப் படமெடுத்து வைத்தால் போதாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. படமெடுப்பது நல்ல பணிதான்; செய்வோம். ஆனால் படத்தில் ஒரு சொல்லைத் தேட முடியாது. மேலும், எல்லா ஆண்டு மலர்களும் நம்மிடம் அச்சில் இல்லை. 'பிடிஎஃப் இருக்கிறது' என்பதும் முழு ஆறுதல் ஆகாது. பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் கண்ணுக்கு நல்ல தமிழாகத் தெரியும். ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், கிறுக்கல்தான் வரும். பக்க வடிவமைப்புக்கு அன்று பலரும் நம்பிய பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். அதை இயக்கும் கணினிகள் நாளுக்கு நாள் குறைகின்றன. நெகிழ்வட்டின் காந்தப் பூச்சும் நமக்காகக் காத்திருக்காது.

ஆகவே செயற்குழுவின்முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். ஒன்று, பெட்டியில் உள்ள அனைத்தையும் முதலில் அப்படியே நகலெடுப்போம். ஆய்வு நகலில்தான் நடக்க வேண்டும். இருமக் கோப்பை நோட்பேடில் திறந்து தவறிச் சேமித்தாலே அது பாழாகிவிடும். இரண்டு, ஒவ்வொரு கோப்பின் வகை, எழுத்துரு, மென்பொருள் ஆகியவற்றைக் குறித்து ஒரு பட்டியல் தயாரிப்போம். எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தோம் என்று அக்கால ஆசிரியர் குழுவினர் நினைவுகூர்ந்து சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். மூன்று, இந்த ஆண்டு முதல் மலரின் எழுத்துகளை ஒருங்குறி எழுத்துக் கோப்பாகவும் பிடிஎஃப் ஆகவும் சேர்த்தே சேமிப்போம்.

அந்தப் பெட்டியில் இருப்பவை பெரும் இலக்கியங்களாக இல்லாமல் போகலாம். ஆனால், இருபது வயதில் நம் மூத்தவர்கள் இந்த மண்ணில் தமிழில் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அவையே சான்று. ஓலைச்சுவடியைச் செல்லரித்தது என்று வருந்திப் பேசுகிறோம். நம் காலத்துச் சுவடிகளை நாமே குப்பையில் போடலாமா? பைட்டுகளைப் படிக்கக் கற்பது ஒரு மாலைப் பொழுதின் வேலை. தமிழ் படிக்க நமக்கு ஏற்கெனவே தெரியும். முன்னாள் மாணவர்களே, உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு வட்டு இருந்தால், வீசாமல் கழகத்திற்கு அனுப்பி வையுங்கள்.