கையெழுத்திட்டவரின் பொறுப்பு

நெருக்கடிநிலைக் காலத்தில், 1975 செப்டம்பர் 25 அன்று, டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக வளாகத்திலிருந்து பிரபீர் புர்காயஸ்தா என்ற மாணவரைப் போலீஸார் காரில் தூக்கிச் சென்றனர். அவர்கள் தேடி வந்ததோ மாணவர் சங்கத் தலைவர் தேவி பிரசாத் திரிபாதியை. ஆள் மாறிவிட்டது தெரிந்த பிறகும் விடவில்லை. விசாரணையின்றி அடைத்துவைக்க வழிசெய்த மிசா சட்டத்தின்கீழ் ஆணையில் கையெழுத்திட வேண்டிய கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் முதலில் தயங்கினார். மேலிடத்து விருப்பம் என்றதும் கையெழுத்திட்டார். அந்த இளைஞர் ஏறத்தாழ ஓராண்டு சிறையில் கிடந்தார்.

1977 மார்ச்சில் நெருக்கடிநிலை முடிந்தது. அக்கால அத்துமீறல்களை விசாரித்த நீதிபதி ஜே.சி. ஷா ஆணையத்தின் முன் வந்த அதிகாரிகள் பலரும் மேலிடத்தைத்தான் கைகாட்டினார்கள். ஆனால், அந்தப் பதிலை மிசா சட்டமே ஏற்காது. ஒருவரை அடைத்துவைப்பது அவசியமா என்பதில், ஆணை பிறப்பிக்கும் அதிகாரி தாமே திருப்தி அடைய வேண்டும் என்றது அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு. காரணத்தைக் கைதிக்குத் தெரிவிக்கத் தேவையில்லை என்று திருத்திய பிறகும் இந்த நிபந்தனை நீடித்தது. ஆக, அடுத்தவர் சொல்லுக்காகக் கையெழுத்திட்டவர், அந்தக் கொடுஞ்சட்டத்தையும் மீறியவரே. ஆணையத்தின் கணக்குப்படி மிசாவில் அடைக்கப்பட்டோர் 34,988 பேர்.

சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகள் அடிக்கப்பட்டதை நீதிபதி எம்.எம். இஸ்மாயில் ஆணையம் உறுதிசெய்தது. தடி பிடித்தவரைக் குற்றவாளியாகப் பார்க்க நமக்குத் தயக்கமில்லை. பேனா பிடித்தவரிடம் மட்டும் ஏன் இவ்வளவு பரிவு? மறுக்கும் உரிமை தடி பிடித்தவரைவிட அவருக்கே அதிகம் இருந்தது.

அச்சம் இருந்தது உண்மை. மறுத்தால் பதவி போகலாம். மிசா கைதிகளின் ஆட்கொணர்வு வழக்கில் 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் தனித்து நின்று மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி எச்.ஆர். கன்னாவுக்குத் தலைமை நீதிபதி பதவி கிடைக்காமலே போனது. அந்த விலையைக் கொடுக்கத் துணிந்த ஒருவர் இருந்தபோது, வேறு வழியே இல்லை என்ற வாதம் நிற்காது.

டெல்லி துணைநிலை ஆளுநரின் செயலராக இருந்த நவீன் சாவ்லாவை, நேர்மையான அணுகுமுறையைக் கோரும் எந்தப் பொதுப் பதவிக்கும் தகுதியற்றவர் என்று ஷா ஆணையம் எழுதியது. அப்படியிருந்தும் 2009இல் அவர் தலைமைத் தேர்தல் ஆணையர் ஆனார்.

காணக் கிடைக்காமல் போன ஷா ஆணைய அறிக்கையை 2010இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் இரா. செழியன். முசோரிக்குப் பயிற்சிக்குச் செல்லும் ஒவ்வோர் ஐஏஎஸ் அதிகாரிக்கும் அதைப் பாடமாக வைக்க வேண்டும். புர்காயஸ்தாவின் கைது பற்றிய பக்கங்களிலிருந்தே தொடங்கலாம்.