தோளில் இடுக்கிய தொலைபேசி



விரலை விட்டுச் சுழற்றும் கறுப்புத் தொலைபேசியை உங்களில் மூத்தவர்கள் கண்டிருப்பீர்கள். தபாற்கந்தோர் மேசையில் கனமாகக் குந்திக்கொண்டிருக்கும். அப்படியான ஒரு தொலைபேசி உருவான கதையை இம்மாதம் சொல்கிறேன்.

கதை நடந்தது அமெரிக்காவில். அங்கு பெல் நிறுவனம் தொலைபேசிகளைத் தானே செய்து, வீடுகளுக்கு மாத வாடகைக்குக் கொடுத்தது. பழுதானால் திருத்துவதும் அவர்களே. ஆகவே இலகுவில் பழுதாகாத பொருளைச் செய்வது அவர்களுக்கே இலாபம்.

1930ஆம் ஆண்டளவில், எதிர்காலத் தொலைபேசியை வரைந்து தரும்படி பத்துக் கலைஞர்களை அந்நிறுவனம் கேட்டது. ஆளுக்கு 1000 டொலர். ஹென்றி டிரைபஸ் என்பவர் மறுத்துவிட்டார். உள்ளே உள்ள கருவிகளைச் செய்யும் பொறியியலாளர்களோடு சேர்ந்து வேலை செய்யாமல், வெளித்தோற்றத்தை மட்டும் வரைந்து பயனில்லை என்பது அவர் வாதம். வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய அக்காலத்தில் அவ்வளவு பணத்தை வேண்டாம் என்று சொல்லத் துணிவு வேண்டும்! மற்றவர்களின் படங்கள் சரிவராமல் போகவே பின்னர் அவரையே அழைத்தார்கள்.

1937இல் '302' என்ற தொலைபேசி வந்தது. அதுவரை வேறு பெட்டியில் இருந்த மணி, தொலைபேசிக்குள்ளேயே அடங்கியது. ஆனால் அதன் ரிசீவரின் பிடி முக்கோண வடிவம்; தோளில் இடுக்கினால் உருண்டுவிடும். 1949இல் வந்த '500' தொலைபேசியில் பிடியைத் தட்டையாக்கினார்கள். காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, இரு கைகளாலும் வேலையைப் பார்க்கலாம். அடுப்பில் கறியும் இடுப்பில் பிள்ளையுமாக நிற்பவளுக்கு இதன் அருமை தெரியும்.

அதில் இலக்கங்களைத் துளைகளுக்கு வெளியே பெரிதாகப் போட்டார்கள். நன்றாகத் தெரிந்தன, ஆனால் சுழற்றும் வேகம் குறைந்துவிட்டது. ஜோன் கார்லின் என்ற உளவியலாளர் ஆட்களைச் சுழற்றவிட்டுப் பார்த்தார். வெறுமையாகிவிட்ட துளைகளில் விரலுக்குக் குறி இல்லை என்று கண்டார். ஒவ்வொரு துளையின் அடியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்ததும் வேகம் திரும்பியது.

இதே கார்லினின் ஆட்கள் வேறொன்றும் செய்தார்கள். சக ஊழியர்களின் தொலைபேசி வயரை அவர்களுக்குத் தெரியாமல் ஒவ்வொரு அங்குலமாக வெட்டிக் குறைத்தார்கள். ஓர் அடி குறையும் வரை ஒருவரும் கவனிக்கவில்லையாம். கம்பிச் செலவு மிச்சம்! மனிதரைக் கவனிப்பது எப்போதும் அவர்களுடைய நன்மைக்காகத்தான் என்று நாம் நம்பிவிடக்கூடாது.

ஆனாலும் கவனிக்காமலே கொடுப்பது அதைவிட மோசம். எனக்குத் தெரிந்த தையல் நிலையமொன்றுக்கு உதவியாக வந்தவை எல்லாம் காலால் மிதிக்கும் மெசின்கள். அங்கே மிதிவெடியில் கால் இழந்த பிள்ளைகள் மூவர் இருந்தார்கள். கேட்டிருந்தால், கையால் சுற்றும் மெசின் போதும் என்று சொல்லியிருப்பார்கள். கேட்க ஒருவரும் வரவில்லை. புது மெசின்களைத் துடைத்து வைப்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த வேலை.

பெல் நிறுவனமும் பெண்களை மனதில் வைத்து 1959இல் ஒரு தொலைபேசி செய்தது. பெயர் 'பிரின்சஸ்', இளவரசி. சின்னது, வடிவானது, இருட்டில் வெளிச்சம் தரும் என்று விளம்பரம் செய்தார்கள். பல நிறங்களிலும் கிடைத்தது. வடிவைச் சின்னதாக்கப்போய் மணிக்கு உள்ளே இடமில்லாமல் போயிற்று. அதை வேறாக வெளியே பொருத்தவேண்டியிருந்தது. இளவரசிக்கு உள்ளேயே மணி கிடைத்தது 1963இல்தான்.