பாட்டிலுக்குக் காசு! பாக்கெட்டுக்கு ஏரியா?

கள்ளிக்குப்பம்:

அம்பத்தூர்-செங்குன்றம் சாலையில் காலை 6 மணிக்கு நின்று பாருங்கள். தோளில் சாக்குப் பையுடன் ஒரு ஆயா குப்பைத் தொட்டியைக் கிளறிக்கொண்டு இருப்பார். வயது 60-ஐத் தாண்டும். தண்ணீர் பாட்டில் கிடைத்தால் சாக்கில் போடுகிறார். பால் கவர் கிடைத்தால் உதறிவிட்டுப் போடுகிறார். ஷாம்பு பாக்கெட்டும் சிப்ஸ் பாக்கெட்டும் கைக்கு வந்தால் அப்படியே கீழே விட்டுவிடுகிறார்.

"ஏன் ஆயா, இதுவும் பிளாஸ்டிக்தானே?" என்று கேட்டேன்.

"இத்த எவன் வாங்குவான் தம்பி? காயலான் கடையில குடுத்தா மூஞ்சி மேலயே வீசுவான்" என்றார்.

பிளாஸ்டிக் ஒழிப்புக்கு எத்தனையோ ஊர்வலம், எத்தனையோ கூட்டம் நடந்துவிட்டது. ஆயா சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. விலை உள்ள பிளாஸ்டிக் கடைக்குப் போகிறது. விலை இல்லாத பிளாஸ்டிக் கால்வாய்க்குப் போகிறது!

ஏன் வாங்குவதில்லை?

தண்ணீர் பாட்டில் ஒரே வகை பிளாஸ்டிக். கழுவி, துண்டு போட்டு, உருக்கினால் நூலாகக்கூட இழுக்கலாம். சிப்ஸ் பாக்கெட் அப்படி இல்லை. பிளாஸ்டிக், அலுமினியப் பூச்சு, மறுபடி பிளாஸ்டிக் என்று அடுக்கடுக்காக ஒட்டியது. பிரிக்க முடியாது. காற்று மாதிரி கனம். நாள் முழுக்கப் பொறுக்கினாலும் ஒரு கிலோ தேறாது. மாநகராட்சி வண்டியில் போய்ச் சேர்ந்தாலும் இதற்கு நல்ல கதி இல்லை. அரியலூர் சிமெண்ட் ஆலைக்குப் போய் அடுப்பெரிக்கத்தான் ஆகும்.

பூக்காரம்மாவுக்கு மட்டும்தான் சட்டமா?

தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்கு 1-1-2019 முதல் தடை. நல்ல சட்டம். கவரை யாரும் ஆதரிக்க வேண்டாம். ஆனால், அப்போது கம்பெனி பாக்கெட்டுகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். 2020-ல் அந்த விலக்கையும் நீக்கி உத்தரவு போட்டார்கள். அப்புறம் என்ன ஆச்சு?

அதிகாரி வருகிறார் என்றால் பூக்காரம்மா கவரைக் கூடைக்கு அடியில் ஒளிக்கிறார். பக்கத்துப் பெட்டிக் கடையில் கம்பெனி பாக்கெட் அதிகாரி தலைக்கு மேலேயே சரம் சரமாகத் தொங்குகிறது!

ஏரிகளுக்கு நடுவே

இந்த ஊருக்கு ஒரு பக்கம் கொரட்டூர் ஏரி. இன்னொரு பக்கம் புழல் ஏரி. புழல் தண்ணீரைத்தான் சென்னையில் பல பேர் சமையலுக்கு வைக்கிறோம். 2015-லும் 2023-லும் வெள்ளம் வந்தபோது அம்பத்தூர், கொரட்டூர் ஜனங்கள் பட்ட பாடு மறந்து போகுமா? வெள்ளத்துக்குக் காரணம் பல உண்டு. ஆனால், அடைத்துக்கொண்ட கால்வாயில் தண்ணீர் ஓடாது என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்.

நீலகிரியில் நடந்தது!

வழி இல்லாமல் இல்லை. நீலகிரி காடுகளில் உடைந்த மது பாட்டில்கள் யானைகளுக்கு ஆபத்தாக இருந்தன. விவகாரம் ஐகோர்ட்டுக்குப் போனது. 2022-ல் அங்கே டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். காலி பாட்டிலைக் கொடுத்தால் 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். அவ்வளவுதான்! காட்டில் வீசிய கையே பாட்டிலைக் கடைக்குக் கொண்டுவந்தது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. எந்தப் பிரசாரமும் செய்யாததைப் பத்து ரூபாய் செய்தது.

அதே வழியைப் பாக்கெட்டுக்கும் காட்டலாமே?

பிளாஸ்டிக்கில் அடைத்து விற்கும் கம்பெனிதான் அந்தக் குப்பைக்கும் பொறுப்பு என்று மத்திய அரசின் 2016-ம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. 2022 முதல், மறுசுழற்சி செய்பவரிடம் சான்றிதழ் வாங்கிக் கம்பெனிகள் கணக்கு காட்டலாம். கணக்குப் புத்தகத்தில் பாக்கெட் திரும்பி வந்துவிடுகிறது. கள்ளிக்குப்பம் கால்வாயில் கிடப்பது கிடந்தபடியேதான் கிடக்கிறது!

செய்ய வேண்டியது இதுதான். காலி பாக்கெட்டுக்குக் கிலோ இவ்வளவு என்று கம்பெனிகள் விலை வைக்க வேண்டும். காயலான் கடையும் வார்டு அலுவலகமும் அதை வாங்க வேண்டும். செலவு கம்பெனியுடையது, பெட்டிக் கடைக்காரர் தலையில் கட்டக் கூடாது. சோப்பு, ஷாம்புக்கு விளம்பரம் செய்ய முடிகிற கம்பெனிக்கு இது முடியாதா?

நமக்கும் வேலை உண்டு

"காலையில ஆபீஸ் ஓடவே நேரம் பத்தல, குப்பையைப் பிரிக்கிறதுக்கு எங்க சார் போறது?" என்று கேட்டார் பஸ்சுக்கு நின்ற ஒரு குமாஸ்தா. நியாயம்தான். ஆனால், சாம்பார் ஒழுகிய பாக்கெட்டை விலை வைத்தாலும் யாரும் தொட மாட்டார்கள். அடுக்களையில் ஒரு ஆணி அடித்து ஒரு பையைத் தொங்கவிடுங்கள். காய்ந்த பிளாஸ்டிக்கை அதில் போடுங்கள். நிமிஷ வேலை.

மாநகராட்சி கம்பெனிகளைக் கூப்பிட்டுப் பேசட்டும். அடுத்த மழைக்கு முன்னால் பேசட்டும். ஆயா கீழே விடுகிற பாக்கெட்டுக்கு ஒரு விலை கிடைத்தால் அவர் சாக்கும் நிறையும், நம் ஏரியும் பிழைக்கும். கவனிப்பார்களா?